யோம் கிப்பூர் நோன்பு எல்லாப் பாவத்தையும் தீர்க்குமா? ரபீக்களின் நூல்களைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதர்களின் பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் அன்று நோன்பிருந்தால் அவர்களுக்கு எல்லாப் பாவமும் தீர்ந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் நிறைய. ரபீக்கள், அதாவது யூத மத அறிஞர்கள், தொகுத்த சட்ட நூலான மிஷ்னாவில், இந்த நாளைப் பற்றிய யோமா என்ற பகுதியின் எட்டாம் அதிகாரமே இதை மறுக்கிறது. கடவுளுக்கு எதிரான குற்றத்துக்குத்தான் அந்த நாள் பரிகாரம். சக மனிதனுக்குச் செய்த தீங்கு, அவனைச் சமாதானப்படுத்தும்வரை தீராது. 'பாவம் செய்வோம், யோம் கிப்பூர் பார்த்துக்கொள்ளும்' என்று கணக்குப் போடுகிறவனுக்கும் அந்த நாள் கைகொடுக்காது.

சமாதானப்படுத்தவும் முறை உண்டு. மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூதில் யோமா 87-ஆம் ஏட்டின்படி, மூன்று மூன்று பேராக மூன்று வரிசை ஆட்களுடன் போய்க் கேட்க வேண்டும். மூன்று முறைக்கு மேல் கேட்க வேண்டியதில்லை. தீங்குக்கு ஆளானவர் இறந்துவிட்டிருந்தால்? பத்துப் பேரைக் கல்லறைக்குக் கூட்டிப்போய், கடவுளுக்கும் இன்னாருக்கும் எதிராகப் பாவம் செய்தேன் என்று அவர்கள் முன் சொல்ல வேண்டும். ஆக, தனியாக அழுது தீர்த்துக்கொள்கிற விஷயமில்லை இது.

யூத வேதமான தோராவிலுள்ள 'கண்ணுக்குக் கண்' என்ற வசனத்தை அப்படியே ரபீக்களின் தண்டனையாகக் காட்டுவது அடுத்த தவறு. மிஷ்னாவின் பாவா கம்மா என்ற பகுதியில், எட்டாம் அதிகாரத்தில் அது பணமாகிவிடுகிறது: ஊனம், வலி, வைத்தியம், வேலையிழப்பு, அவமானம் என ஐந்து இனங்களில் இழப்பீடு. ஊனத்துக்கு விலை போடும் முறை கொஞ்சம் உறுத்தும்: அடிமையாகச் சந்தையில் விற்றால் முன்பு என்ன பெறுவான், இப்போது என்ன பெறுவான் என்ற வித்தியாசமே தொகை. அத்தனையும் கட்டினாலும், நேரில் மன்னிப்புக் கேட்காதவரை குற்றம் நீங்காது.

எல்லாக் குற்றத்துக்கும் ஒரே பரிகாரம் என்றும் எண்ண வேண்டாம். ரபீ இஸ்மவேல் பிரித்துக் காட்டுகிறார்: செய்யச் சொன்னதைச் செய்யாதவன் மனந்திரும்பினால் உடனே மன்னிப்பு; செய்யாதே என்றதைச் செய்தவனுக்கு யோம் கிப்பூரும் வேண்டும்; மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்குத் துன்பமும் சேர வேண்டும்; கடவுளின் பெயருக்கு இழுக்குத் தேடியவனுக்குச் சாவுதான் கடைசிப் பரிகாரம்.

இறந்தபின் தண்டனை பெறும் இடமான கெஹின்னோமை முடிவில்லா நரகமாக மட்டும் பார்ப்பதும் பிழை. துஷ்டர்களுக்கு அங்கே 12 மாதம் என்கிறது மிஷ்னா. துரோகிகள் போன்ற சிலருக்குத்தான் அதற்கு மேல். இறந்த பெற்றோருக்காகப் பிள்ளைகள் சொல்லும் கத்தீஷ் என்ற ஜெபத்தை 11 மாதத்தோடு நிறுத்துகிற வழக்கம் இதிலிருந்துதான்: முழு 12 மாதமும் சொன்னால் பெற்றவர்களைத் துஷ்டர்கள் என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுமே!

ஒரு ரபீயின் வாக்கை மட்டும் எடுத்து 'யூத மதம் சொல்கிறது' என்று முடிக்காதீர்கள். மிஷ்னாவின் மக்கோத் என்ற பகுதியில், முதல் அதிகாரத்தில், நாங்கள் நீதிமன்றத்தில் இருந்திருந்தால் யாருமே மரண தண்டனையில் கொல்லப்பட்டிருக்க மாட்டார்கள் என்கிறார்கள் ரபீக்கள் தர்போனும் அகிவாவும். அடுத்த வரியிலேயே ரப்பான் சிமியோன் பென் கமாலியேலின் மறுப்பு: அப்படியானால் இஸ்ரவேலில் கொலைகாரர்களைப் பெருக்கியிருப்பார்கள்.