பேஸ்பால் ரசனைக்குத் திரும்ப

வட அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் தொடரான மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் சீக்கிரமே சலித்துவிடும். வாரம் இரண்டு போதும். ஆனால் ஒரே அணியாக இருக்கட்டும். முகங்கள் பழகினால்தான் ஆட்டம் மனதில் ஒட்டும்.

விதிகள் மாறியிருக்கின்றன. 2023 முதல் பிட்சர் (பந்து வீசுபவர்) எடுக்கும் நேரத்தை அளக்கும் பிட்ச் கடிகாரம் ஓடுகிறது: பேஸ்களில் ஓட்டக்காரர் யாரும் இல்லாவிட்டால் 15 நொடிக்குள் வீசத் தொடங்க வேண்டும், தவறினால் அடிப்பவருக்குச் சாதகமாக ஒரு ‘பால்’ (தவறான வீச்சு) எண்ணப்படும்.

பென்சிலால் ஸ்கோர் எழுதுங்கள். பழைய ஆசையைக் கிளப்ப இதைவிட நல்ல வழி இல்லை. களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்: பிட்சர் 1, கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) 2, முதல் பேஸ்மேன் 3, இரண்டாம் பேஸ்மேன் 4, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) 6. ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸ் வழியாக முதல் பேஸுக்குப் போன டபுள் பிளே (ஒரே அடியில் இருவர் அவுட்) என்றால் 6-4-3.

வீசுவதற்கு முன் கேட்சரின் கையுறை நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பந்து அங்கிருந்து அடிக்கடி விலகினால் பிட்சர் களைத்துவிட்டார். புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடம்) யாராவது எழுந்திருப்பார்கள்.