எச்.ஆர். மென்பொருள், ஈ.ஆர்.பி. வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியர் நிர்வாகத்துக்கான எச்.ஆர். மென்பொருளோ, கணக்கு, கொள்முதல், கிடங்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக நிர்வகிக்கும் ஈ.ஆர்.பி.யோ வாங்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் செய்வது, நாலைந்து விற்பனையாளர்களைக் கூப்பிட்டு டெமோ பார்ப்பது. சறுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. டெமோவில் வருகிற ஊழியர் மாதம் முழுக்க வேலைக்கு வருவார். வருடம் முழுக்க ஒரே பதவியில் இருப்பார். ஒரே ஒரு விடுப்புக் கேட்பார், மேலாளர் அதே நிமிடத்தில் ஒப்புதல் கொடுப்பார். இப்படி ஓர் ஊழியருக்குச் சம்பளம் போட எந்த மென்பொருளாலும் முடியும். சம்பளப் பிரிவு மாதக் கடைசியில் இரவு வரை உட்கார்ந்திருப்பது வேறு ஆட்களுக்காக: மாத நடுவில் சேர்ந்தவர், பாதி மாதம் ஒரு கிளையிலும் மீதி மாதம் இன்னொரு கிளையிலும் வேலை பார்த்தவர், ராஜினாமா கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றவர், இரவு ஷிஃப்டில் நுழைந்து மறுநாள் காலையில் வெளியேறியவர். இவர்களை வைத்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் புதிய சம்பள மென்பொருளுக்கு மாறியது. ஷிஃப்ட், அலவன்ஸ், பணி ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்ந்து அங்கே 24,000-க்கும் மேற்பட்ட விதமான சம்பளக் கணக்கீடுகள் இருந்தன. மாறிய உடனேயே பலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை போகும் என்று மதிப்பிடப்பட்டது. 2013-இல் வெளிவந்த விசாரணை ஆணைய அறிக்கை சுட்டிக்காட்டிய முக்கியக் குறைகளில் ஒன்று, மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதே தொடக்கத்தில் ஒழுங்காக வரையறுக்கப்படவில்லை என்பது.

அதனால் யாரையும் டெமோவுக்குக் கூப்பிடும் முன் கடந்த ஓராண்டுச் சம்பளப் பட்டியலை எடுத்து உட்காருங்கள். எந்த மாதங்களில் திருத்தம் வந்தது, யாருக்குக் கையால் கணக்குப் போட்டார்கள், எக்செல் ஓரத்தில் என்ன குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதிலிருந்து பத்துப் பதினைந்து சிக்கலான ஆட்களை, பெயரை மாற்றி, தனியாக எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் சரியான விடை எவ்வளவு என்பதையும் போட்டு வையுங்கள். டெமோவுக்கு வருகிறவரிடம் விடையைக் காட்டாமல் கேள்வியை மட்டும் கொடுத்து, எங்கள் முன்னால் இதை ஓட்டிக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒருவருக்கு மாதச் சம்பளம் 30,000. ஜனவரி முதல் 36,000 என்று உயர்த்துகிறார்கள், ஆனால் உத்தரவு ஏப்ரலில்தான் கைக்கு வருகிறது. மூன்று மாத அரியர்ஸ் தர வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் மாதம் 6,000 வீதம் 18,000. ஆனால் அவர் பிப்ரவரியில் 2 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். பிப்ரவரியை 28 நாளால் வகுத்தால் அந்த மாத அரியர்ஸ் 5,571, மொத்தம் 17,571. எல்லா மாதத்தையும் 30 நாளாக வைத்துக்கொள்ளும் நிறுவனத்தில் 5,600, மொத்தம் 17,600. வேலை நாட்களை மட்டும் எண்ணி, அந்தப் பிப்ரவரியில் 20 வேலை நாள் என்றால் 5,400, மொத்தம் 17,400. ஒரே ஆள், ஒரே சம்பள உயர்வு, நான்கு விடைகள்! உங்கள் விதிப்படி எது சரி என்று முதலில் நீங்கள் சொல்ல முடிய வேண்டும். அப்புறம், மென்பொருள் பழைய மாதத்து விடுப்பைத் தானாகவே கணக்கில் எடுக்கிறதா, இல்லை 18,000 என்று காட்டிவிட்டு, அதைக் கையால் திருத்திக்கொள்ளலாம் என்கிறார்களா என்று கவனியுங்கள். ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் கையால் திருத்துவது என்றால் பழைய எக்செலுக்கே திரும்பிப் போகிறோம் என்று அர்த்தம்.

அரியர்ஸ் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். கனடா அரசு தன் ஊழியர்களுக்காக 2016-இல் கொண்டுவந்த பீனிக்ஸ் சம்பள மென்பொருளில், திட்டமிட்ட 984 செயல்பாடுகளில் 100-க்கும் மேற்பட்டவை செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்துவதற்காக நீக்கப்பட்டன அல்லது தள்ளிவைக்கப்பட்டன. அப்படிக் கைவிடப்பட்டவற்றில் முந்தைய தேதியிலிருந்து தர வேண்டிய சம்பளத்தைத் தானாகக் கணக்கிடும் வசதியும் ஒன்று. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் அரசு ஊழியர்கள் தவித்த கதைகள் அங்கே வருடக்கணக்கில் செய்தியாக வந்தன.

வசதிப் பட்டியல் என்ற பொறி

ஐந்நூறு வரி எக்செலை விற்பனையாளர்களுக்கு அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் உண்டு, இல்லை என்று நிரப்பச் சொல்வது பரவலான வழக்கம். திரும்பி வரும்போது எல்லாருமே ஏறக்குறைய எல்லா வரிக்கும் உண்டு என்றுதான் எழுதியிருப்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது. சிலவற்றுக்கு அது இன்றே இருக்கிறது, சிலவற்றுக்கு செட்டிங் மாற்றினால் வரும், சிலவற்றுக்குத் தனியாகக் கோட் எழுத வேண்டும், சிலவற்றுக்கு அடுத்த ஆண்டு வெளியிடும் எண்ணம் இருக்கிறது. நான்குக்கும் ஒரே சொல். ஆகவே இந்த நான்கையும் தனித்தனி நெடுவரிசையாகப் பிரித்துக் கேளுங்கள், கோட் எழுத வேண்டியதற்கு எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். இன்று இல்லாத வசதிக்கு மதிப்பெண் தராதீர்கள். அதை ஒரு வாக்குறுதியாக மட்டும் குறித்து வையுங்கள்.

இந்தப் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள் என்பதும் பெரிய கேள்வி. நிர்வாக இயக்குநர், நிதித் தலைவர், ஐ.டி. தலைவர் மூவரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிற மென்பொருளில் டாஷ்போர்டு அழகாக இருக்கும். தினமும் அதில் உட்காரப்போகிறவர் சம்பளப் பிரிவு எழுத்தர், கிடங்குப் பொறுப்பாளர், ஷிஃப்ட் மேற்பார்வையாளர். ஒரு வருகைப் பதிவைத் திருத்த எத்தனை திரை தாண்ட வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் வாழ்க்கைப் பிரச்சினை. அவர்களில் இரண்டு பேருக்காவது தேர்வில் வாக்கு கொடுங்கள். வெறும் கருத்துக் கேட்பு போதாது. அவர்கள் ஒரு வாரம் கையால் பயன்படுத்திப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால் அது செல்லுபடியாக வேண்டும். என் பார்வையில், தேர்வுக் குழுவில் இவர்கள் இல்லையென்றால் மற்ற எல்லா ஆய்வும் பாதி வீண்.

நம் வழக்கத்துக்கு மென்பொருளை வளைப்பது

ஐரோப்பிய சில்லறை வணிக நிறுவனமான லிடில், 2011-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. என்ற ஈ.ஆர்.பி. மென்பொருள் திட்டத்தை ஏழு ஆண்டுகள் கழித்து 2018-இல் கைவிட்டது. செலவு ஏறக்குறைய 50 கோடி யூரோ என்று ஜெர்மன் ஊடகங்கள் எழுதின. அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று வியப்பானது. லிடில் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. அந்த மென்பொருளின் வழக்கமான அமைப்போ விற்பனை விலையில் மதிப்பிட்டது. நிறுவனம் தன் முறையை மாற்றிக்கொள்ள விரும்பவில்லை, மென்பொருளை மாற்றச் சொன்னது. ஒன்றை மாற்றினால் அதோடு பிணைந்த இன்னொன்று, அதோடு பிணைந்த வேறொன்று என்று மாற்றம் நீண்டுகொண்டே போனது.

இதைக் கேட்டுவிட்டு, கஸ்டமைசேஷனே கூடாது, மென்பொருள் சொல்கிறபடி நாம் மாறிவிட வேண்டும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. விடுப்பு விண்ணப்பத்தின் வடிவம், ஒப்புதல் எத்தனை படி, செலவுச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் போன்றவை பெரும்பாலும் யாரோ எப்போதோ தொடங்கிவைத்த பழக்கம். தயங்காமல் மாறிவிடலாம். சட்டம் கேட்பதையும், தொழிலாளர் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையும், வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவதற்குக் காரணமான வேலைமுறையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்த இரண்டு வகையையும் ஒப்பந்தத்துக்கு முன்பே பிரித்து எழுதிவிட்டால், நிறுவும்போது வரும் சண்டை பாதி குறையும். இரண்டாம் வகையில் பத்துக்கு மேல் கோட் மாற்றம் தேவைப்பட்டால் வேறு மென்பொருளைப் பார்ப்பது நல்லது. எழுதின ஒவ்வொரு கோட் மாற்றத்தையும் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.

விலை

லைசென்ஸ் விலையை மட்டும் ஒப்பிடுவது எல்லாருக்கும் தெரிந்த தவறு, இருந்தும் தொடர்ந்து நடக்கிறது. நிறுவும் கட்டணம், பழைய டேட்டாவைச் சுத்தம் செய்து ஏற்றுவது, வருகைப் பதிவுக் கருவி, வங்கி, கணக்கியல் மென்பொருள் ஆகியவற்றோடு இணைப்பது, பயிற்சி, ஆண்டு சப்போர்ட் எல்லாவற்றையும் ஐந்தாண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். ஊழியர் ஒருவருக்கு இவ்வளவு என்று விலை சொன்னால் ஊழியர் என்றால் யார் என்று எழுத்தில் கேளுங்கள். வேலையை விட்டவர்களின் பதிவு கணக்கில் வருமா? ஒப்பந்தத் தொழிலாளர்? மூன்று மாதத்துக்கு மட்டும் எடுக்கும் தற்காலிக ஆட்கள்? எண்ணிக்கை குறைந்தால் கட்டணமும் குறையுமா? விற்பனையாளரின் சர்வரிலேயே மென்பொருள் ஓடும் கிளவுட் சந்தாவில் முதல் ஆண்டுத் தள்ளுபடி தாராளமாகக் கிடைக்கும். புதுப்பிக்கும்போது அதிகபட்சம் எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்பதற்கு வரம்பு வைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டேட்டா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய குப்பையை அப்படியே ஏற்றினால் புதிய மென்பொருளிலும் அதே குப்பைதான் இருக்கும். ஒரே ஆள் இரண்டு எண்ணில் இருப்பார், விடுப்பு இருப்பு ஒத்துப்போகாது. 03/04 என்று எழுதியது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று யாருக்கும் தெரியாது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் விடாத மென்பொருளில், ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு ஆளாளுக்கு ஒன்றை இட்டு நிரப்புவார்கள், பிறகு வங்கிக் கணக்கிலுள்ள பெயரோடு பொருந்தாமல் சம்பளம் திரும்பி வரும். சுத்தம் செய்யும் வேலையை மென்பொருள் முடிவாவதற்கு முன்பே தொடங்கலாம். எதை வாங்கினாலும் அது தேவைதானே.

மாறும் நாள்

1999-இல் அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம் மூன்று பெரிய மென்பொருள்களை ஒரே நேரத்தில், ஜூலையில் ஓட்டத் தொடங்கியது. 48 மாதம் எடுத்திருக்க வேண்டிய வேலையை 30 மாதத்தில் முடிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அடுத்து வந்தது ஹாலோவீன் காலம், அவர்களுக்கு ஆண்டின் உச்ச விற்பனை. கிடங்கில் சரக்கு இருந்தது, அனுப்பத்தான் முடியவில்லை. ஏறக்குறைய 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் நிறைவேறாமல் போயின. உங்கள் உச்ச காலம், நிதியாண்டு முடிவு, போனஸ் மாதம் இவற்றிலிருந்து தள்ளித் தேதி வையுங்கள். தேதியை விற்பனையாளரின் காலாண்டு இலக்கு தீர்மானிக்க விடாதீர்கள்.

சம்பளத்துக்கு பேரலல் ரன் கட்டாயம். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும், ஒவ்வொரு ஊழியரின் நிகரத் தொகையையும் ஒப்பிடுங்கள். மொத்தத் தொகை ஒத்துப்போவதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம், ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் சேர்ந்து சமமாகிவிடும். பீனிக்ஸ் திட்டத்தில் முன்னோட்டச் சோதனை ரத்து செய்யப்பட்டது. புதிய மென்பொருள் வருகிறது என்ற நம்பிக்கையில் அனுபவமுள்ள சம்பள ஆலோசகர்களின் பணியிடங்களையும் முன்கூட்டியே குறைத்துவிட்டார்கள். பிழைகள் குவிந்தபோது அவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் போதவில்லை. மென்பொருள் ஓர் ஆண்டு ஒழுங்காக ஓடிய பிறகுதான் ஆட்குறைப்பு பற்றிப் பேசவே வேண்டும்.

கிளவுட்டில் இருக்கிறது, பேக்கப் அவர்கள் பொறுப்பு என்று விட்டுவிடுவதும் ஆபத்து. 2021 டிசம்பர் 11-இல், வேலைநேரப் பதிவு, சம்பள மென்பொருள் வழங்கும் குரோனோஸ் நிறுவனத்தின் பிரைவேட் கிளவுட், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கியது. மருத்துவமனைகளும் உள்ளாட்சிகளும் பல வாரங்கள் வேலை நேரத்தைக் காகிதத்தில் எழுதின, சிலர் முந்தைய சம்பளத்தையே அப்படியே மறுபடி போட்டார்கள். மாதம் ஒருமுறை சம்பள டேட்டாவின் ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும், அதை வைத்து ஒரு மாதச் சம்பளத்தைக் கையால் போட உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைரேகை, முகப்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம், விரல் ரேகையை மாற்ற முடியாது. யார் யாருடைய சம்பளத்தைப் பார்த்தார்கள் என்ற பதிவு மென்பொருளில் இருக்கிறதா என்பதையும் டெமோவிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, விலகும் வழி. வாங்கும் உற்சாகத்தில் யாரும் இதைப் பேச மாட்டார்கள், ஆனால் பேரம் பேசும் பலம் கையெழுத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் டேட்டா எந்த வடிவில் வரும், எத்தனை நாளில் வரும், கட்டணம் உண்டா என்று எழுதி வாங்குங்கள். இன்றைய நிலவரம் மட்டும் சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்பாக வந்தால் போதாது. பழைய சம்பளச் சீட்டுகள், விடுப்பு வரலாறு, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு, இணைத்த ஆவணங்கள் எல்லாம் வர வேண்டும். சோதனைக் காலத்திலேயே ஒரு முறை முழுவதையும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வந்த கோப்பை உங்கள் சம்பள எழுத்தரிடம் கொடுத்து, ஓர் ஊழியரின் இரண்டு ஆண்டுச் சம்பளத்தை அதிலிருந்து மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் அது சரியாகும் வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.