புறநகருக்குப் பேருந்திலோ ரயிலிலோ போகிறீர்களா? திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு பெருநகரத்தைச் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு, நகரின் நடுப்பகுதியில் இருக்கும்வரை பொதுப் போக்குவரத்தில் பெரிய சிரமம் இருப்பதில்லை. ஒரு வண்டி தவறினால் அடுத்தது விரைவில் வந்துவிடும். வழி கேட்க ஆட்களும் அறிவிப்புப் பலகைகளும் நிறைந்திருக்கும். நகர எல்லையை நெருங்க நெருங்க இவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பகலில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சேர்வது எளிது. இருட்டியபின் ஆள் நடமாட்டமில்லாத நிறுத்தத்திலிருந்து திரும்புவதுதான் கடினம். ஆகவே, போகும் வழியைத் தேடுவதற்கு முன்பே திரும்பும் வழியை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதையே இங்கு முதன்மையாக வலியுறுத்துகிறேன்.

செயலியில் வழி தேடும்போது, பலர் அந்த நேரத்தில் ஓடும் வண்டிகளை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுகிறார்கள். திரும்பும் நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு எதிர்த்திசைக்கும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை நாள்களுக்கும் தனி அட்டவணை இருக்கும். நியூயார்க்கின் சுரங்க ரயில் இரவு முழுவதும் ஓடுகிறது என்பதற்காக மற்ற நகரங்களிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தோக்கியோவில் நள்ளிரவையொட்டி ரயில்கள் நின்றுவிடுகின்றன, லண்டனில் இரவு முழுவதும் ஓடும் சுரங்க ரயில் வெள்ளி, சனி இரவுகளில் சில தடங்களில் மட்டுமே உண்டு. வழியில் வண்டி மாற வேண்டியிருந்தால், முதல் வண்டியின் கடைசி நேரத்தைவிட, மாறி ஏற வேண்டிய வண்டியின் கடைசி நேரமே முக்கியமானது. கடைசி வண்டிக்கு முந்தையதையே உங்கள் கடைசி வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். போய் இறங்கியவுடன், திரும்புவதற்கான நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று நேரில் பார்த்துவிடுவதும் நல்லது. அது எப்போதும் சாலையின் எதிர்ப்பக்கத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது.

புறநகர்த் தடங்கள் பல இடங்களில் கிளை பிரிகின்றன. பாரிஸின் ஆர்.இ.ஆர். எனப்படும் புறநகர் ரயிலின் பி தடம், வடக்கே ஓல்னே-சூ-புவா நிலையத்தில் பிரிந்து, ஒரு கிளை விமான நிலையத்துக்கும் மற்றொன்று மித்ரி-கிளே நிலையத்துக்கும் செல்கிறது. தடத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏறாமல், வண்டி எங்கே போய் முடிகிறது, உங்கள் நிலையத்தில் நிற்குமா என்பதை நடைமேடைப் பலகையில் பாருங்கள். தவறான வண்டியில் ஏறிவிட்டால், பதற்றத்தில் அடுத்த வெறிச்சோடிய நிலையத்திலேயே இறங்கிவிடாமல், ஊழியர்கள் இருக்கும் பெரிய நிலையம் வரை சென்று இறங்குவதே பாதுகாப்பு. புறநகர் நிறுத்தங்களில் பயணச்சீட்டு விற்பவர் இல்லாமல் போகலாம் என்பதால், திரும்புவதற்கான சீட்டையும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதகர் என்று சொல்லி யாராவது அபராதம் கேட்டால், அடையாள அட்டையைக் காட்டச் சொல்லவும் ரசீது கேட்டு வாங்கவும் தயங்க வேண்டாம்.

வண்டிக்குள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். பேருந்தில் ஓட்டுநருக்கு அருகிலும், ரயிலில் ஓரளவு ஆட்கள் உள்ள பெட்டியிலும் இருங்கள். மும்பை, தோக்கியோ, மெக்சிகோ நகரம் போன்ற இடங்களில் பெண்களுக்கென்று தனிப் பெட்டிகள் உண்டு. அவை எந்த நேரங்களுக்கு உரியவை என்று அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். கதவருகே நின்று கைப்பேசியைப் பார்ப்பதைத் தவிருங்கள்; கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கி ஓடுவது திருடர்களுக்கு எளிது. ஒருவருடைய நடத்தை அச்சமூட்டினால், வாக்குவாதம் செய்யாமல் அடுத்த நிலையத்தில் பெட்டி மாறுங்கள். அது கோழைத்தனம் ஆகாது.

இறங்கிய பின் நடக்க வேண்டிய தொலைவுக்கும் முன்னேற்பாடு தேவை. எந்த வாயில் வழியாக வெளியேற வேண்டும், வழியில் என்ன அடையாளம் இருக்கிறது என்று, போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருப்பவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இணையமின்றித் திறக்கும்படி பதிவிறக்கி, முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது, கைப்பேசி அணைந்துபோனாலும் உங்களைக் காப்பாற்றும். வழியைத் தெருவில் தடுமாறிப் பார்ப்பதைவிட நிலையத்துக்குள்ளேயே நின்று பார்த்துவிட்டு வெளியே வருவது மேல். இவ்வளவு எச்சரிக்கை சொல்வதால் புறநகர் மக்களைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று பொருளல்ல. அன்றாடம் அதே வண்டியில் வேலைக்குப் போய்வரும் அவர்களே அந்த வழியை நன்கு அறிந்தவர்கள். குழந்தைகளோடு வரும் குடும்பத்தினரிடமோ நடத்துநரிடமோ தயங்காமல் கேளுங்கள்.

எல்லா ஏற்பாடுகளையும் மீறி வண்டி போய்விட்டால், இருட்டான நிறுத்தத்தில் காத்திருக்காமல், ஊழியர்கள் உள்ள ரயில் நிலையம், மருத்துவமனை, பெட்ரோல் நிலையம் போன்ற இடத்துக்குச் சென்றுவிடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தை நம்பகமானவர் ஒருவருக்குக் கைப்பேசி வழியே அனுப்புங்கள். ஆபத்தென்றால், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் இந்தியாவிலும் 112, அமெரிக்காவில் 911 என்ற எண்ணை அழைக்கலாம்; வேறு நாடுகளுக்குப் போகும்போது அங்குள்ள எண்ணைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டியில் திரும்பப் போதுமான பணத்தைக் காலையிலேயே தனியாக எடுத்து வைத்து, வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள். தாமாக வந்து அழைக்கும் வண்டிகளில் ஏறாமல், உரிமம் பெற்ற நிறுவனத்தின் வண்டியை வரவழைத்து, பதிவெண்ணைச் சரிபார்த்து, பயணியின் பெயர் என்ன என்று ஓட்டுநரையே சொல்லச் சொல்லி, அது பொருந்திய பின்னரே கதவைத் திறந்து ஏறுங்கள்.