பார்ட் டூ இங்கிலீஷ்: கதை தெரிந்தும் அரியர் விழுவது ஏன்?

ஏப்ரல் செமஸ்டர் நெருங்கும்போது என்னிடம் ஆங்கிலம் கற்க வருகிறவர்களின் எண்ணிக்கை கூடிவிடும். பி.காம்., பி.ஏ. பொருளியல், பி.எஸ்சி. கணிதம் எனப் பல துறைப் பிள்ளைகள். மேஜர் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்திருப்பார்கள், எல்லாத் துறைக்கும் பொதுவான பார்ட் டூ ஆங்கிலத்தில் மட்டும் சிக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தேர்வுக்குத் தயாராகும் விதத்தைப் பார்த்தால், கல்லூரி நாட்களில் நான் போன அதே வழியில்தான் போகிறார்கள். அன்று கைடு இருந்த இடத்தில் இன்று செல்போன் இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

எழுத்துப்பிழை, கையெழுத்து, நேரத்தைப் பங்கிடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவற்றை வகுப்பில் தினமும் சொல்கிறார்கள். தவறு என்றே தெரியாமல் செய்கிற சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன். அதிலும் ஒன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் கதை கேட்டுவிட்டு, பாடத்தைப் படித்துவிட்டதாக நினைப்பது

இப்போது எந்தப் பாடத்தின் பெயரைத் தட்டினாலும் தமிழ் விளக்க வீடியோ வந்துவிடுகிறது. உரைநடையோ சிறுகதையோ கவிதையோ, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முழுக் கதையும் தமிழில் கிடைக்கும். அதைப் பார்த்தவுடன் பாடம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி வருகிறது. இந்த நிம்மதிதான் ஆபத்து.

பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஆங்கிலத்தில் அரியர் வைத்துவிட்டு வந்தாள். பாடத்தில் உள்ள சிறுகதையைச் சொல்லச் சொன்னேன். அப்பா மகன் சண்டை, மறைத்து வைக்கப்பட்ட கடிதம், மகன் ராத்திரி ரயில் ஏறிப் போவது என்று ஒரு காட்சி விடாமல் தமிழில் சொன்னாள். அவ்வளவு அழகாகச் சொன்னாள். சரி என்று புத்தகத்தைத் திறந்து, மகன் கிளம்பும் பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தவள் ஒரு வாக்கியத்தில் நின்றாள்: "ஹேட் ஹி நோன் அபௌட் த லெட்டர், ஹி வுட் ஹேவ் ஸ்டேட்." என்ன புரிந்தது என்று கேட்டேன். "கடிதம் பத்தி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அதனால தங்கிட்டான் சார்" என்றாள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஆனா வீடியோல அவன் ஊரைவிட்டுப் போயிட்டான்னு சொன்னாங்களே?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

கடிதம் பற்றித் தெரியாததால்தான் அவன் போனான், தெரிந்திருந்தால் தங்கியிருப்பான். கதையின் உயிரே அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அவள் அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருந்தாலும் இந்த வாக்கியத்தைச் சந்தித்திருக்க மாட்டாள். வீடியோ சொல்பவர் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கிற வேலை மாணவிக்கு வைக்கப்பட்டது. அந்த வேலையைச் செய்யாமலே அவள் தேர்வுக்குப் போயிருக்கிறாள்.

இதனால் தேர்வில் இரண்டு இடத்தில் அடி விழுகிறது. முதல் அடி, பாடக் கேள்விகளில். பதிலை ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும். கதை தமிழில் மட்டுமே மனதில் இருந்தால், ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் புதிதாக ஆங்கிலத்தில் உருவாக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் யாருக்கும் அது கஷ்டம்தான். கதையை ஆங்கிலத்தில் நாலு தடவை வாசித்தவனுக்குப் பாதி வாக்கியம் பாடத்திலிருந்தே கைக்கு வந்துவிடும். இரண்டாவது அடி, முன்பின் பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் கேள்விகளில். அந்தப் பத்திக்குத் தமிழ் விளக்கம் எங்கும் கிடையாது. செமஸ்டர் முழுக்கத் தானாக ஒரு பக்கம்கூட ஆங்கிலம் வாசிக்காதவர்கள், முதன்முதலாக அன்றைக்குத் தேர்வு ஹாலில்தான் வாசிக்கிறார்கள்.

நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் இன்டர்னலுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. அந்த 75-இல் 30 எடுத்தால் போதும் என்பதுதான் பல பல்கலைக்கழகங்களில் விதி. முப்பதுதானே என்று அலட்சியமாக இருக்கிறார்கள். மேஜர் பேப்பர் எல்லாவற்றையும் முடித்தாலும் பார்ட் டூ நிலுவையில் இருந்தால் பட்டம் கைக்கு வராது. பட்டச் சான்றிதழ் கேட்கும் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல், ஒரே ஒரு ஆங்கிலப் பேப்பருக்காக அடுத்த செமஸ்டர் வரை வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். பல பேர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அதனால்தான் இந்தத் தவறின் மேல் எனக்கு இத்தனை கோபம்.

வகுப்பறைக்கும் இதில் பங்கு உண்டு. போர்ஷன் முடிக்கும் அவசரத்தில், ஆசிரியர் ஒரு வரி வாசித்து உடனே தமிழில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். அறுபது எழுபது பேர் இருக்கும் வகுப்பில் அவர் நிலையும் புரிகிறது. ஆனாலும் மாணவன் ஆங்கில வரியைக் கேட்கும்போது கவனத்தை வைப்பதில்லை, அடுத்து வரப்போகும் தமிழுக்காகக் காத்திருக்கிறான். மூன்று வருடம் இப்படி இருந்தால் காத்திருப்பதுதான் பழகும்.

வீடியோவே பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள். முதலில் ஒரே ஒரு பக்கம், ஆங்கிலத்தில், நீங்களே. தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். நிற்காமல் பக்கத்தை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள். இரண்டாம் தடவையில் கோடு போட்ட இடங்களில் பாதி தானாகவே தெளிந்துவிடும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று இரண்டே வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. பாடம் முழுவதும் இப்படி முடிந்தபின் வீடியோவைப் பாருங்கள். நீங்கள் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்க்க அது உதவும்.

நீளமான வாக்கியம் புரியாமல் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். அதற்காகக் காத்திருந்தே பழகிய கண், ஆங்கிலத்திலும் கடைசி வரைக்கும் போகிறது. அங்கே வினை நடுவிலேயே வந்து போயிருக்கும். "த பாய் ஹூ கேம் எஸ்டர்டே பரோட் மை சைக்கிள்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நாம் 'நேற்று வந்த பையன்' என்று விவரத்தை முன்னால் வைப்போம். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், விவரம் பின்னால் வரும். இரவல் வாங்கியது யார் என்று கேட்டால், 'எஸ்டர்டே'வுக்குப் பக்கத்தில் தேடுகிறார்கள். நீள வாக்கியம் வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: யார்? என்ன செய்தார்? இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டு அந்த வட்டங்களை மட்டும் வாசியுங்கள். பையன், சைக்கிளை இரவல் வாங்கினான். மிச்சம் எல்லாம் விவரம். பத்து நாள் செய்தால் வட்டம் போடாமலே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

முதல் நாளே ஆங்கிலப் பேப்பர் தலையங்கத்தில் தொடங்குவது

"இங்கிலீஷ் வரணும்னா தினமும் ஹிந்து படி" என்று வீட்டில் மாமா முதல் பக்கத்து வீட்டு அண்ணன் வரை எல்லாரும் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தலையங்கம் ஏற்கெனவே சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதப்படுவது. ஆரம்பத்தில் இருப்பவன் ஒரு பத்தியில் பதினைந்து சொல்லுக்கு அகராதி பார்த்து, நாலாம் நாள் பேப்பரை மடித்து வைத்துவிடுவான். தனக்கு ஆங்கிலம் வராது என்ற முடிவுக்கும் வந்துவிடுவான்.

யார் துணையும் இல்லாமல் புரிந்து வாசிக்க, நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று வாசிப்பு ஆய்வுகளில் ஒரு கணக்கு உண்டு. அதாவது நூறு சொல்லுக்கு இரண்டு புதுச் சொல். இந்த உண்மையை நம் பக்கத்திலேயே ஒருவர் முன்பே கண்டு வேலை செய்திருக்கிறார். 1920களில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலில் திணறுவதைப் பார்த்துவிட்டு, புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் நுழைத்து, வந்த சொற்களையே திரும்பத் திரும்ப வரவைத்து வாசிப்பு நூல்கள் தயாரித்தார். இன்று கடைகளில் நிலை ஒன்று, நிலை இரண்டு என்று கிடைக்கும் எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் அந்த வழியில் வந்தவைதான்.

அவற்றில் தொடங்குங்கள். டிங்கிள் பழைய இதழ் கிடைத்தாலும் சரி, சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் புத்தகம் கிடைத்தாலும் சரி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. டிகிரி படித்துக்கொண்டு குழந்தைப் புத்தகமா என்று கூச்சப்பட வேண்டாம். ஒரு பக்கத்தில் ஐந்தாறு புதுச் சொல்லுக்கு மேல் இருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதுவது

ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு பத்தி. மக்கள் ஏன் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினார்கள் என்பது கேள்வி. மாணவன் 'ஸ்டாப்ட்' என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த வரியை முழுதாக எழுதிவிடுகிறான். அந்த வரியிலோ எப்போது நிறுத்தினார்கள் என்றுதான் இருக்கிறது. ஆலைக் கழிவு கலந்த செய்தி அதற்கு அடுத்த வரியில், 'திஸ் வாஸ் பிகாஸ்' என்று தொடங்குகிறது. ஏன், எப்படி என்று கேட்டால் கண்டுபிடித்த வரிக்கு மேலும் கீழும் ஒரு வரி வாசிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள். இட், தே, திஸ் என்று வந்தால் அது யாரை, எதைக் குறிக்கிறது என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பதிலிலும் அந்தப் பெயரையே போடுங்கள்.

உரையாடலில் வணக்கமும் நலமுமே பாதியைத் தின்பது

நூலகத்தில் வாங்கிய புத்தகம் தொலைந்துவிட்டது, நூலகரிடம் பேசுவதுபோல் எழுதுக என்று கேள்வி வந்தது என்று வையுங்கள். பலர் எழுதித் தரும் தாளில் குட் மார்னிங், ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன், வாட் அபௌட் யூ என்றே ஆறு வரி போயிருக்கும். ஏழாவது வரியில் புத்தகம் தொலைந்ததைச் சொல்வார்கள், எட்டாவதில் தேங்க் யூ. கைடில் உள்ள டாக்டர்-நோயாளி, வங்கி, ரயில் நிலைய உரையாடல்களை மனப்பாடம் செய்ததன் விளைவு இது. வணக்கம் மட்டும்தான் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிறது, அதனால் அது மட்டும் மனதில் நிற்கிறது.

இப்படி ஆரம்பித்தால் போதும்:

"எக்ஸ்க்யூஸ் மீ, மேடம். ஐ ஹேவ் லாஸ்ட் எ லைப்ரரி புக்."
"வென் டிட் யூ பாரோ இட்?"
"லாஸ்ட் மன்த். ஐ திங்க் ஐ லெஃப்ட் இட் ஆன் த பஸ்."
"தென் யூ வில் ஹேவ் டு பே ஃபார் இட்."
"கேன் ஐ பை எ நியூ காப்பி இன்ஸ்டெட்?"

ஒவ்வொரு பேச்சும் அடுத்த பேச்சைக் கேட்டு வாங்குகிறது. எல்லாமே சின்ன வாக்கியம், கடினமான சொல் ஒன்றும் இல்லை. இதை எழுதிப் பார்த்து மட்டும் பழகினால் வராது. ஒரு நண்பனோடு உட்கார்ந்து வாய்விட்டுப் பேசுங்கள். ஒருவர் நூலகர், ஒருவர் மாணவர், அப்புறம் ஆளை மாற்றுங்கள். நூலகராக இருப்பவர் கைடில் இல்லாத கேள்வி ஒன்றாவது கேட்க வேண்டும். நண்பன் கிடைக்காவிட்டால் இரண்டு குரலையும் நீங்களே போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே திக்கினீர்களோ அந்த இடம்தான் ஹாலிலும் திக்கும்.

வாய்மொழித் தேர்வில் 'எஸ் சார்' என்று நிறுத்திக்கொள்வது

எஸ் என்ற பிறகு இன்னும் ஒரு வாக்கியம் சேருங்கள்.

முழு வாக்கியத்தையும் மனதுக்குள் கட்டி முடித்த பிறகே வாயைத் திறப்பது

அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

தேர்வுக்கு முந்தின வாரம் இன்னொரு கைடு வாங்குவது

வாங்காதீர்கள்.

பழைய கேள்வித்தாளை 'எது வரும்' என்று பார்க்க மட்டும் பயன்படுத்துவது

பத்தி மறுபடி வராது என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பத்தியை விட நல்ல பயிற்சி கிடையாது, ஏனென்றால் உங்கள் தேர்வுக்கு உரிய கடினத்திலேயே அது இருக்கிறது. ஐந்து வருடத் தாள்களை நூலகத்திலோ சீனியரிடமோ வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கேள்விகளை வாசியுங்கள், பிறகு பத்தியை நிற்காமல் ஒரு தடவை, பிறகு பென்சிலோடு இன்னொரு தடவை. கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடத்தில் பதிலை முடியுங்கள். மறுநாள் அதே பத்தியைச் சத்தமாக வாசித்துவிட்டு, உங்கள் பதில்களை மட்டும் நண்பனிடம் கொடுங்கள். பத்தியைப் பார்க்காத அவனுக்கு விஷயம் புரிகிறதா என்று கேளுங்கள். புரியாத பதிலை மட்டும் திரும்ப எழுதுங்கள்.