ஓடைச் சத்தம் தானாக அமுங்கிய கதை

அதிகாலையில் பதிவு செய்த ஓடைச் சத்தத்தோடு மெல்லிய சிந்தசைசர் இசையைச் சேர்த்தால், சில விநாடிகளுக்கு ஒருமுறை மொத்த ஒலியும் யாரோ அமுக்கியது போல உள்ளே போய்த் திரும்பி வந்தது. நான்கு நாள் இதிலேயே போனது.

ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ரெக்கார்டரின் ஆட்டோ லெவலோ என்று பார்த்தேன், அணைத்துத்தான் இருந்தது. உரத்த சத்தம் வந்தால் ஒலியைத் தானாக அமுக்கும் கம்ப்ரெசரில், அமுக்கியதை விட எடுக்கும் ரிலீஸ் நேரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மறுபடி போய்ப் பதிவு செய்தேன், அப்போதும் அதேதான்.

அப்புறம்தான், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் திறந்தேன். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய மேடு! காற்று. இலைகூட அசையாத அளவு லேசான காற்றுதான், ஆனால் மைக்கின் சவ்வை மெதுவாகத் தள்ளியிருக்கிறது. என் ஹெட்ஃபோனில் அது துளியும் கேட்கவில்லை, கம்ப்ரெசரோ அதை உரத்த சத்தமாக எடுத்துக்கொண்டு ஓடையையும் சேர்த்து அமுக்கியிருக்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், ஓடையின் நுண்ணிய கோடுகள் கூட்டமாக மேலும் கீழும் மிதப்பது தெரியும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

தீர்வு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைக்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர், அதுவும் கம்ப்ரெசருக்கு முன்னால். நான் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தேன், ஆனால் பின்னால். அதற்குள் கம்ப்ரெசர் அமுக்கி முடித்துவிடும். வரிசையை மாற்றியதும் ஓடை ஒரே சீராக ஓடியது. பெரிய நிம்மதி. இப்போது மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோம உறை மாட்டாமல் பதிவுக்குக் கிளம்புவதில்லை.