காயம்பட்ட படைவீரர் பதவி உயர்வைத் தக்கவைப்பது எப்படி: அமெரிக்கத் தரைப்படை

காயம் பட்டதும் முதல் வேலை, மருத்துவரிடம் போய் 'புரொஃபைல்' வாங்குவது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் மருத்துவக் கட்டுப்பாட்டுச் சீட்டு அது. படிவ எண் 3349. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்து உடற்தகுதித் தேர்வுக்குப் போய்த் தோற்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. தோற்ற நாளிலிருந்தே உங்கள் பெயரில் 'ஃபிளாக்' என்ற தடைக் குறிப்பு விழும். மறுபடி தேறும்வரை பதவி உயர்வு நிற்கும்.

தற்காலிகச் சீட்டு முடிந்த மறுநாளே, மதிப்பெண் பதிவாகும் உடற்தகுதித் தேர்வுக்குப் போக வேண்டியதில்லை. சீட்டு எத்தனை நாளோ, அதைப்போல் இருமடங்கு பயிற்சிக்குக் கிடைக்கும். உச்சவரம்பு 90 நாள். 30 நாள் சீட்டுக்கு 60 நாள். 60 நாள் சீட்டுக்கு 120 அல்ல, 90தான். இதைக் கணக்கிட்டு, முடியும் தேதியைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். சீட்டு காலாவதியானது தெரியாமல் தேர்வைத் தவறவிட்டால், காயம் உண்மையே என்றாலும் காட்ட ஆதாரம் இருக்காது.

நிரந்தரச் சீட்டு உள்ளவர் 2 மைல் ஓட்டத்துக்குப் பதில், சீட்டு அனுமதித்தால், 2.5 மைல் நடை, 12 கி.மீ. சைக்கிள், 1 கி.மீ. நீச்சல், 5 கி.மீ. துடுப்பு இயந்திரம் இவற்றில் ஒன்றைச் செய்யலாம்.

தேறியதும் மதிப்பெண் அட்டையின் நகலை வாங்கி, ஃபிளாக் கணினியில் நீங்கியதா என்று நீங்களே பாருங்கள்.