நெடும்பயணத்துக்கு முன் பழைய புல்லட்டின் இக்னிஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய புல்லட்டை நெடும்பயணத்துக்கு ஆயத்தம் செய்பவர் முதலில் செய்வது, பெரும்பாலும் செய்யக் கூடாத காரியமாகவே இருக்கிறது. கிளம்பும் வாரத்தில் பாயின்ட் (காயிலின் மின்னோட்டத்தை மூடித் திறக்கும் தொடுமுனைகள்), கன்டென்சர், காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), பிளக் நான்கையும் புதிதாக வாங்கி மாட்டி, வீட்டு வாசலில் இரண்டு உதையில் வண்டி கிளம்பியதும் வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிறார். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் இந்த இக்னிஷனின் கோளாறுகளில் பெரும்பாலானவை குளிர்ந்த எஞ்சினில் தலைகாட்டுவதில்லை. நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடி, டேங்குக்கு அடியில் காற்றே சூடேறிய பிறகுதான் அவை வெளியே வரும். வாசலில் கிடைத்த சான்றிதழ் வாசலுக்கு மட்டுமே செல்லும்.

இங்கே சொல்லப்படுவது, 1955 முதல் இந்தியாவில் உருவாகி திருவொற்றியூர் ஆலையின் அடையாளமாகிப்போன, வார்ப்பிரும்பு சிலிண்டரும் பேட்டரி காயில் இக்னிஷனும் கொண்ட 350 சிசி புல்லட்டைப் பற்றியது. பேட்டரியில்லாமல் தானே பொறிக்கு மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ வைத்த வண்டிகளுக்குக் கணக்கு வேறு.

நானும் அந்த முதல் தவறைச் செய்தவன்தான். சென்னையிலிருந்து கொல்லிமலைக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கன்டென்சரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது மிஸ்ஸிங், அதாவது இடையிடையே பொறி தவறி எஞ்சின் தடுமாறுவது, தொடங்கியது. ஓரங்கட்டி, பாயின்ட் இருக்கும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்து, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தபோது, பாயின்ட்டுகளுக்கு நடுவே நீல வெண்மையில் பட்டுப்பட்டென்று தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலின் முதன்மைச் சுற்றில் எழும் மின்னோட்டத்தை உள்வாங்கி, பொறி அங்கே பறக்காமல் பிளக்கில் பறக்கும்படி செய்வதுதான் கன்டென்சரின் வேலை. அது செத்துவிட்டால் பிளக்கில் பொறி நலிவதோடு பாயின்ட்டும் கருகத் தொடங்கும். கைக்குட்டையில் சுற்றிக் கருவிப் பையில் போட்டிருந்த பழைய கன்டென்சரை அங்கேயே திரும்ப மாட்டிக்கொண்டுதான் மலையேறினேன்.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் வழக்கம் இது: புதிய உதிரி எதுவானாலும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மாட்டி, குறைந்தது 300 கிலோமீட்டராவது வெயிலில் ஓட்டி, பிறகு அது நல்லது என்று தெரிந்தால் அதைக் கழற்றி உதிரிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழையதையே மாட்டிக்கொள்வது. சோதித்த பழைய பாகம், சோதிக்காத புதிய பாகத்தைவிட நம்பகமானது. இப்போது சந்தையில் கிடைக்கும் கன்டென்சர்களின் தரத்தைப் பார்த்தால் இது மிகைப்பட்ட எச்சரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை. உதிரி கன்டென்சரைக் காயிலுக்குப் பக்கத்திலேயே, எஞ்சின் சூடு அதிகம் தாக்காத இடத்தில் போல்ட் போட்டு, கம்பியை மட்டும் இணைக்காமல் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நல்ல ஏற்பாடுதான்; ஆனால் பழையதன் கம்பியைக் கழற்றாமல் உதிரியையும் சேர்த்து இணைத்துவிடக் கூடாது.

அடுத்து பாயின்ட். இதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பலரும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) செருகிப் பார்த்து, சரியாக உரசுகிறது என்று திருப்தியடைகிறார்கள். ஓடித் தேய்ந்த பாயின்ட்டில் ஒரு முகத்தில் சிறு மேடும் எதிர் முகத்தில் அதற்கேற்ற குழியும் உருவாகியிருக்கும். தட்டையான கேஜ் அந்த மேட்டின் மீது தொட்டு நிற்குமேயன்றிக் குழிக்குள் இறங்காது. ஆகவே கேஜ் காட்டும் அளவைவிட உண்மை இடைவெளி அதிகம். முதலில் முகங்களைச் சமன்படுத்த வேண்டும், பிறகுதான் அளக்க வேண்டும். சமன்படுத்துவதற்கு உப்புத்தாளைப் பயன்படுத்துவது இன்னொரு தவறு. அதன் துகள்கள் உலோகத்தில் பதிந்து, மின்சாரம் சீராகப் பாய்வதைக் கெடுக்கும். மெல்லிய பாயின்ட் அரத்தால் நான்கு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த தூய வெள்ளை அட்டைத் துண்டு, அதன்பின் உலர்ந்த அட்டை. அட்டையில் கறுப்பு படிவது நிற்கும் வரையில் நிறுத்தக் கூடாது. புதிய பாயின்ட்டானாலும் இந்தத் துடைப்பு வேண்டும், ஏனென்றால் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய்ப் படலத்தோடுதான் அது பெட்டியிலிருந்து வருகிறது.

சுழன்று பாயின்ட்டைத் திறக்கும் மேடான கேமில் உரசும் பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், அதாவது டைமிங் (பொறி பறக்கும் நேரம்) பின்வாங்கும். புதிய பாயின்ட்டில் இந்தத் தேய்மானம் முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் வேகமாக நடக்கும் என்பதால், புறப்படும் அன்று வைத்த அளவு மூன்றாம் நாள் இருக்காது. கேமில் வெப்பம் தாங்கும் கிரீஸ் ஒரு தீக்குச்சித் தலை அளவு போதும். தாராள மனத்தோடு பூசினால் அது தெறித்துப் பாயின்ட்டின் மேலேயே போய் உட்காரும்.

இடைவெளிக்கும் டைமிங்குக்கும் உள்ள இந்த உறவை மறப்பதுதான், என் கணிப்பில், பட்டறைகளிலேயே அதிகம் நடக்கும் பிழை. டைமிங்கைப் பொறுமையாக வைத்து முடித்த பிறகு, “பாயின்ட் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது” என்று இடைவெளியைத் திருத்துகிறார்கள்; அந்தத் திருத்தத்தோடு டைமிங்கும் முன்னே நகர்ந்துவிடுகிறது. எப்போதும் இடைவெளி முதலில், டைமிங் பிறகு. வேகம் கூடும்போது பொறியை முன்னே நகர்த்தும் அட்வான்ஸ் எடைகள் முழுவதும் உள்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்பாகப் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும் என்பது 350 வண்டிக்கான அளவு. டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கி மட்டுமே உருட்டி அந்த நிலைக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் பின்னுக்கு இழுத்து நிறுத்தக் கூடாது, நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னோக்கி வர வேண்டும், இல்லையேல் பற்சக்கரங்களின் தளர்ச்சி அளவைக் கெடுக்கும். பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை, அவற்றில் ஒன்றுதான் கம்ப்ரஷன். டாப்பெட் மூடியைத் திறந்து, வால்வுகளை இயக்கும் புஷ்ராடுகளை விரலால் உருட்டிப் பார்த்து, இரண்டும் தளர்வாகச் சுழன்றால் அதுவே சரியான சுற்று.

பாயின்ட் திறக்கும் கணத்தைக் கண்டறிய விளக்கோ மீட்டரோ தேவையில்லை. வண்டியின் முகத்திலேயே ஆம்ப் மீட்டர் இருக்கிறது. சாவியைத் திருகினால், பாயின்ட் மூடியிருக்கும்வரை முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். திறந்த நொடியில் துள்ளி நடுவுக்கு வரும். உதைக்கும் முன் எல்லாப் புல்லட்காரரும் பார்க்கும் அதே முள்தான். டிஸ்டிரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, உடலை மெல்லத் திருப்பி, முள் துள்ளும் இடத்தில் இறுக்க வேண்டும். இறுக்கும்போது உடல் சிறிது நகர்வது வழக்கம் என்பதால், இறுக்கிய பிறகு சக்கரத்தை உருட்டி மறுபடி சோதிக்காமல் விட்டால் செய்த வேலை வீண். டைமிங் முன்னே போயிருந்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும், ஆகவே அது உடனே தெரிந்துவிடும். பின்வாங்கிய டைமிங் இவ்வளவு நேர்மையானதல்ல: வண்டி சாதுவாகக் கிளம்பும், ஏற்றத்தில் இழுக்காது, சைலன்ஸர் வளைவு நீலம் பாயும்.

இதே அறிகுறிகளை அட்வான்ஸ் எடைகளும் தரும். டிஸ்டிரிபியூட்டருக்குள் கேமை விரலால் திருகிவிட்டால் அது சுருள்வில்லின் வலுவில் தானாகத் திரும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால், எவ்வளவு கச்சிதமாக டைமிங் வைத்தாலும் பயனில்லை. கேமைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பதும் அவசியம். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், அதோடு எண்ணெயும் மேலேறிப் பாயின்ட்டை நனைக்கும். பாயின்ட் அடிக்கடி கறுக்கிறது என்று பாயின்ட்டையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் புஷ்ஷைத்தான்.

காயில் விஷயத்தில் நடக்கும் தவறு, கிடைத்ததை மாட்டுவது. 12 வோல்ட் வண்டியின் காயிலில் முதன்மைச் சுற்றின் மின்தடை 3 முதல் 4 ஓம் இருக்கும், அதன் வழியே 3, 4 ஆம்பியர் பாயும். 6 வோல்ட் காயிலோ, தனி ரெசிஸ்டருடன் சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய கார் காயிலோ 1.5 ஓம் அளவில் இருக்கும். அதை 12 வோல்ட்டில் நேராக இணைத்தால் 8 ஆம்பியர் பாயும். முதல் ஒரு மணி நேரம் பொறி அபாரமாக இருக்கும், அதன்பின் பாயின்ட் கருகும், காயில் தொட முடியாமல் கொதிக்கும். வாங்கும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

காயிலுக்குப் போய்ச் சேரும் வோல்ட்டையும் யாரும் அளப்பதில்லை. பாயின்ட் மூடியிருக்க, சாவி போட்ட நிலையில், பேட்டரி முனையிலும் காயில் முனையிலும் அளந்து பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் இக்னிஷன் சுவிட்சின் பித்தளைத் தொடுமுனைகள், ஃபியூஸ் பிடிப்பானின் தளர்ந்த வில், பெயின்ட்டின் மேல் இறுக்கிய ஏர்த் கம்பி ஆகியவற்றில் ஒன்று குற்றவாளி. புல்லட்டின் அதிர்வு எந்த இணைப்பையும் நிம்மதியாக இருக்க விடுவதில்லை.

பிளக்கைப் பற்றி ஒரே ஒரு குழப்பத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். என்ஜிகே எண்களில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றுவது. இன்றைய பாஷ் எண்களில் எண் குறைந்தால்தான் குளிர்ச்சி. பழைய மைக்கோ பிளக்குகளில் இருந்த 175, 225 போன்ற மூவிலக்க எண்களிலோ கூடினால் குளிர்ச்சி. இதையறியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்குபவர், சூடான பிளக்கைப் போட்டு ஏற்றத்தில் எஞ்சினைத் தட்டவிடுவார், அல்லது குளிர்ந்ததைப் போட்டுக் கரிபிடிக்க வைப்பார். ஹெட் அலுமினியம் என்பதால் முறுக்கி இறுக்கவும் கூடாது. பிளக் கம்பியை இருட்டில் தண்ணீர் தெளித்துப் பார்த்தால், விரிசல் வழியே பொறி கசிவது கண்ணுக்கே தெரியும். மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது.

பாயின்ட்டே வேண்டாமென்று எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவது தவறில்லை. பயணத்துக்கு முந்தைய வாரம் மாறுவதுதான் தவறு. பழகிய எலக்ட்ரானிக் கருவி பாயின்ட்டைவிடச் சீரானது என்றாலும், அது நின்றுபோனால் எந்த ஊர் மெக்கானிக்காலும் அதைத் திறக்க முடியாது. கழற்றிய பாயின்ட் தட்டும் கன்டென்சரும் பெட்டியில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டியது சூட்டுச் சோதனை. மதிய வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டு மறுபடி உதைக்க வேண்டும். காற்று படாமல் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் காயிலின் சூடு உச்சத்துக்குப் போகும். அப்போது கிளம்பாமல், அரை மணி கழித்துக் கிளம்பினால் காயிலையோ கன்டென்சரையோ சந்தேகிக்கலாம். அதற்குமுன் டேங்க் மூடியை ஒருமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் இதே நாடகம்தான் நடக்கும்.

வழியில் தேநீருக்கு நிறுத்தும்போது சாவியைத் திருகி எடுத்துவிட்டோமா என்று பார்ப்பது கடைசி விஷயம். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸரை இழுத்து எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை அப்படியே விட்டுச் செல்பவர்கள் உண்டு. ஒற்றைச் சிலிண்டர் என்பதால் கேமுக்கு ஒரே மேடுதான். எஞ்சின் எங்கே நின்றாலும் பாயின்ட் மூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் காலியாகும், அதற்குள் காயிலும் வெந்திருக்கும். இறங்கும்போது ஆம்ப் மீட்டரின் முள் நடுவில் நிற்பது மட்டும் போதாது, பாயின்ட் திறந்திருந்தாலும் அது அங்கேதான் நிற்கும். சாவி சட்டைப்பையில் இருக்க வேண்டும்.